ஐம்பது தாம்பூலப் பைகள், கைச்செய்பொருளும் வீட்டு இனிப்பும்: வழி சொல்லுங்கள்

சத்துவாச்சாரி கொலுப்படி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். மாமியார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஏழு படி வைத்துக் கொலு நடக்கிறது. ஒன்பது நாள்களிலும் சேர்த்து ஏறக்குறைய ஐம்பது பெண்கள் வந்து போகிறார்கள். இதுவரை வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு மொத்தக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றையோ ரவிக்கைத் துணி ஒன்றையோ வைத்துக் கொடுத்துவந்தேன். சென்ற ஆண்டு தெரிந்தவர் வீட்டுக் கொலுவில் எனக்குக் கிடைத்த ரவிக்கைத் துணியைப் பிரித்தபோது, அதன் ஓரத்தில் மூன்றாண்டுகளுக்கு முன்பு நானே பேனாவால் போட்ட அளவுக் குறி அப்படியே இருந்தது. எத்தனை வீடுகளைச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பியதோ தெரியவில்லை. அன்று வாய்விட்டுச் சிரித்தேன் என்றாலும், யாருக்கும் பயன்படாத ஒன்றை வழக்கத்துக்காக ஊர் சுற்ற விடுகிறோமே என்ற எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆகவே இந்த ஆண்டு, கையால் செய்த பொருள் ஒன்று, வீட்டில் செய்த இனிப்பு ஒன்று என இரண்டை மட்டும் வைத்துக் கொடுக்க விரும்புகிறேன். நவராத்திரிக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. ஆனால் நான் அலுவலகத்திலிருந்து வீடு திரும்ப மாலை ஏழு மணி ஆகிவிடும். உதவிக்கு எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். மாமியாருக்கு விரல் மூட்டு வலி என்பதால் மேற்பார்வை மட்டும் பார்ப்பார். மூன்றாண்டுகளுக்கு முன்பு அதிரசம் செய்யத் துணிந்தேன். கடையில் வாங்கிய அரிசி மாவை வெல்லப் பாகில் கொட்டிப் பிசைந்தேன். முதல் ஈடு எண்ணெயில் பிரிந்து கரைந்தது, இன்னும் மாவு சேர்த்துப் போட்ட இரண்டாம் ஈடு ஓட்டுச் சில்லாக வந்தது. அதன் பிறகு பாகு என்றாலே அச்சம்.

நான் கேட்க விரும்புபவை இவை: பாகு காய்ச்சத் தெரியாதவள் செய்யக்கூடியதாகவும், பத்து நாள் கெடாமல் இருப்பதாகவும் உள்ள இனிப்பு எது? டப்பாவுக்கு மாற்றாக எதில் வைத்துக் கொடுக்கலாம்? அடுத்து வரும் தீபாவளிக்கு எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும்; அவற்றில் ரம்ஜானுக்குப் பிரியாணியும் சேமியாப் பாயசமும் அனுப்பும் இரண்டு வீடுகளும், கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பும் ஒரு வீடும் உண்டு. அவர்களுக்கு என்ன செய்து கொடுத்தால் பொருத்தமாக இருக்கும்?

போளூர் வீட்டுப் பெண் எழுதியது:

அம்மா, உங்கள் ரவிக்கைத் துணிக் கதையைப் படித்துவிட்டு என் பீரோவின் அடித்தட்டைத் திறந்து பார்த்தேன்; பதினான்கு இருக்கின்றன. நான் போளூரில் பிறந்து இராணிப்பேட்டைக்கு வாழ வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. 1989இல் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரிப்பதற்கு முன்பு இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்மா ஒரு தூக்குவாளி நிறையப் பொருள்விளங்காய் உருண்டையைப் பேருந்தில் வரும் உறவினரிடம் கொடுத்தனுப்புவார். கார்த்திகை வரை அது இருக்கும். கெடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கான விடை அந்த உருண்டைக்குள்ளேயே இருக்கிறது. புழுங்கலரிசி, கோதுமை, பயத்தம் பருப்பு ஆகியவற்றைத் தனித்தனியே சிவக்க வறுத்து அரைப்பதால் மாவில் ஈரம் என்பதே இராது. வெல்லத்தைக் கெட்டிப் பாகாகக் காய்ச்சுவதால் அதிலிருக்கும் தண்ணீரும் வற்றிவிடும். போடும் தேங்காய்ப் பல்லைக்கூட நெய்யில் நன்றாகச் சிவக்க வைத்துத்தான் போடுவோம். ஈரம் இல்லாத இடத்தில் பூசணம் பிடிக்காது.

இதே கணக்கை மற்ற இனிப்புகளுக்கும் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்துச் சிமிலி உருண்டையைப் போல் ருசியானது வேறொன்று இல்லை என்பது என் கட்சி. கேழ்வரகு மாவில் சிட்டிகை உப்புப் போட்டுப் பிசைந்து, அடையாகத் தட்டிச் சுட்டு, ஆறியதும் பிய்த்து, வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து உரலில் இடித்துப் பிடித்தால், இடிக்கிற கையே பாதியைத் தின்றுவிடும். ஆனால் அடையில் ஈரம் நிற்பதால் இரண்டாம் நாள் மாலைக்கு மேல் அதை நம்ப முடியாது. ஆகவே அது கொலு பார்க்க வந்தவர் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு உரியது, பையில் கட்டிக் கொடுப்பதற்கு உரியதன்று.

உங்களுக்கு நான் சொல்வது மாலாடு. பாகு இல்லை, பதம் இல்லை. பொட்டுக்கடலையை வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூடு வரும்வரை மட்டும் புரட்டி, ஆறிய பின் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையை ஏலக்காயோடு தனியாகப் பொடியுங்கள். 1 கிலோ பொட்டுக்கடலைக்கு 750 கிராம் சர்க்கரையும் 400 முதல் 450 கிராம் நெய்யும் கணக்கு. சின்ன எலுமிச்சை அளவில் பிடித்தால் ஏறத்தாழ நூறு உருண்டை வரும், ஆளுக்கு இரண்டு. நெய்யை நன்றாகச் சூடாக்கி ஒரேயடியாக ஊற்றாமல், நான்கைந்து பிடி மாவைத் தாம்பாளத்தின் ஓரத்துக்கு ஒதுக்கி, அதற்கு மட்டும் ஊற்றிச் சூட்டோடு பிடிக்க வேண்டும். மொத்தமாக ஊற்றிவிட்டால், நீங்கள் பத்தாவது உருண்டை பிடிப்பதற்குள் மீதி மாவு ஆறி உதிரத் தொடங்கும். பிறகு நெய் கூட்டிக்கொண்டே போவீர்கள். நவராத்திரிக்கு முந்தைய ஞாயிறு ஐம்பது, நடுவில் ஒரு நாள் ஐம்பது என்று இரண்டு ஈடாகச் செய்தால் ஒன்பதாம் நாள் வருபவருக்கும் நெய் மணம் மாறாமல் கிடைக்கும்.

அதிரசம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறு உங்கள் கையில் இல்லை, மாவில் இருந்தது. கடை மாவு காய்ந்த மாவு. அதிரசத்துக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, நிழலில் துணியின் மேல் பரப்பி, கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது என்ற நிலையில் அரைத்துச் சலிக்க வேண்டும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், கரையாமல் விரலால் மென்மையாக உருட்ட வர வேண்டும். பிசைந்ததை ஓர் இரவாவது மூடி வைத்த பிறகே தட்ட வேண்டும். பாகு இளகியிருந்தால் எண்ணெயில் பிரியும், முற்றியிருந்தால் கல்லாகும்; உங்களுக்கு இரண்டுமே ஒரே நாளில் நடந்திருக்கின்றன. அரைக் கிலோ அரிசியில் வீட்டுக்கு மட்டும் செய்து கை பழக்கிக்கொள்ளுங்கள். ஐம்பது பேருக்கு இந்த ஆண்டு வேண்டாம்.

தீபாவளியன்று எல்லா வீட்டிலும் இனிப்பு மலிந்து கிடக்கும். இரண்டாம் நாள் காலையில் எல்லோரும் தேடுவது இலேகியம். பன்னிரண்டு வீடுதானே, சிறு கண்ணாடிப் புட்டிகளில் அதைக் கொடுங்கள். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சீரகம், தனியா எல்லாவற்றையும் இளஞ்சூட்டில் வறுத்துப் பொடித்து, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய நீரில் கொட்டிக் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கி, ஆறிய பிறகு தேன் கலக்க வேண்டும். இங்கேயும் பாகுப் பதம் பார்க்கும் தொல்லை இல்லை. வேலூர் லாங்கு பஜாரின் நாட்டு மருந்துக் கடைகளில் இந்தச் சாமான்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

குடியாத்தம் நூல்கண்டு எழுதியது:

எதில் வைத்துக் கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன்; தையல் எனக்குத் தொழில், சமையல் என் கணவர் பொறுப்பு.

சகோதரி, எங்கள் குடியாத்தத்துக் கைத்தறிக் கைலியில் சுருக்குப் பை தைத்துக் கொடுங்கள். மூட்டாத கைலியாகக் கேட்டு வாங்க வேண்டும். மூட்டியதை வாங்கினால் பிரிக்கிற வேலை கூடும். 2 மீட்டர் நீளமும் 47 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் உள்ள ஒரு கைலியை, 8 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் உள்ள துண்டுகளாக வெட்டினால், நீளவாக்கில் ஒன்பதும் அகலவாக்கில் இரண்டுமாகப் பதினெட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, பக்கங்களில் அரை அங்குலமும் வாய்ப்புறம் ஓர் அங்குலமும் விட்டுத் தைத்தால், 7 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள பை ஆகிவிடும். மூன்று கைலி, ஐம்பத்து நான்கு பைகள். ஓரத்தில் மிஞ்சும் நீளப் பட்டைகளைச் சுருக்குக் கயிறாகத் திரிக்கலாம். கயிறு தனியே வாங்க வேண்டியதில்லை.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: தாம்பூலத்தில் தேங்காய் வைப்பீர்களா? வைப்பதானால் 7 அங்குலம் போதாது. தேங்காய் உள்ளே போனாலும் வாயைச் சுருக்க முடியாது. அப்போது துண்டின் அகலத்தை 10 அங்குலமாக்க வேண்டும். ஒரு கைலிக்குப் பதினான்குதான் தேறும், நான்கு கைலிகள் தேவைப்படும். முதலில் இதை முடிவு செய்துகொண்டு பிறகு கத்தரிக்கோலை எடுங்கள். முன்பு ஒருவருக்கு நூறு பை தைத்துக் கொடுத்த பிறகு, அவர் தேங்காயும் கையுமாக வாசலில் வந்து நின்ற நாளை நான் மறக்கவில்லை.

வெட்டுவதற்கு முன் துணியை ஒரு கை உப்புப் போட்ட தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, அலசி, நிழலில் உலர்த்தித் தேய்த்துவிட வேண்டும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், துவைத்தால் சுருங்கும், அடர்ந்த நிறமாக இருந்தால் சாயமும் விடும். வெற்றிலை ஈரம் பட்டுச் சாயம் இறங்கினால் கொடுத்த கையைத்தான் குறை சொல்வார்கள். உங்கள் மகளுக்குப் பொத்தான் தைக்கத் தெரியுமென்றால், பையின் மூலையில் கொலுப்படியைப் போல் மூன்று கோடு சங்கிலித் தையல் போடச் சொல்லுங்கள். ஒரு பைக்குக் கால் மணி நேரம் ஆகும், நாளைக்கு இரண்டு பை என்றால் இரண்டு மாதத்துக்குள் தாராளமாக முடியும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது; ஆனாலும் தாம்பூலம் மட்டும் அவற்றிலேயே நடமாடுவதைப் பார்க்கும்போது, தைக்கத் தெரிந்த எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது.

பாலாற்றங்கரை எழுதியது:

ஆற்காட்டுக்காரன் ஒருவன் மக்கன் பேடாவைச் சொல்லாமல் போனால் ஊரில் நடமாட முடியாது. கோவாவையும் மைதாவையும் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம் போன்ற பருப்புத் துணுக்குகளை வைத்து உருட்டித் தட்டையாக்கி, மெல்லிய தீயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊற வைப்பது அது. குலாப் ஜாமூனின் உறவு என்றாலும், கடிக்கும்போது நடுவில் பருப்பு அகப்படுவதால் தனிச் சுவை. ஒரு கம்பிப் பதத்துக்குக்கூடப் போக வேண்டாம், கையில் பிசுபிசுப்புத் தட்டினால் போதும் என்பதால், பாகுக்கு அஞ்சும் சகோதரியும் முயலலாம். பனையோலைக் கொட்டான்களில் வாழையிலை விரித்து வைத்துக் கொடுத்தால் பார்க்கவும் அழகாக இருக்கும்.

போளூர் வீட்டுப் பெண் எழுதியது:

தம்பி, மக்கன் பேடாவை நானும் விரும்பிச் சாப்பிடுபவள்தான். ஆனால் பாகில் ஊறிய பலகாரத்தை ஓலைக் கொட்டானில் வைத்தால், முடைந்த இடுக்குகளின் வழியே பாகு வழிந்து, வீட்டுக்குப் போகும் முன்பே பட்டுப்புடவை நனையும். பால் சேர்ந்தது வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கொட்டானில் வறண்ட பண்டம் வைக்கலாம்: பொருள்விளங்காய், கடலை மிட்டாய், முறுக்கு. நெய்ப் பண்டமானால் ஓலை எண்ணெயைக் குடித்துக் கறுத்துப் போகும். உள்ளே வாழையிலைச் சருகோ நெய்த்தாளோ வைத்தே தீர வேண்டும். பச்சை வாழையிலை வேண்டாம், அதன் ஈரமும் பண்டத்துக்குப் பகைதான்.

பாலாற்றங்கரை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. மக்கன் பேடாவை வந்தவர்களுக்குக் கிண்ணத்தில் கொடுக்கட்டும்.

தோட்டப்பாளையம் அடுப்பங்கரை எழுதியது:

அந்தத் தெருவில் கேக் அனுப்பும் வீட்டைப் போன்ற ஒரு வீடு எங்களுடையது. ஆகவே வாங்கும் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதில் கேக்கைவிடக் கல்கல்தான் அதிகம். மைதாவில் தேங்காய்ப் பால், சர்க்கரை, சிறிது வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, கோலிக் குண்டு அளவு உருட்டி, இதற்கென்றே வாங்கி வைத்திருக்கும் புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டினால் சோழி போன்ற வரிகள் விழும். வீட்டிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்துச் செய்யும் வேலை இது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மாலாட்டைவிட இதுவே பிடிக்கும் என்று நினைக்கிறேன். பொரித்தெடுத்து முழுக்க ஆறிய பின் மூடினால் இரண்டு வாரத்துக்கு மேல் மொரமொரப்பு மாறாது. முழுக்க ஆறிய பின் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தீபாவளி வரும் நேரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் ஆவி உள்ளேயே நீராகிவிடும், மழைநாளில் திறந்து வைத்தாலோ காற்றின் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். பொரித்த அன்று இரவு விசிறிக்கடியில் துணி விரித்துப் பரப்பி, ஒன்றை உடைத்துப் பார்த்து உள்ளே சூடு இல்லையென்று தெரிந்த பிறகே டப்பாவில் போடுவேன்.

எங்கள் வீட்டில் கல்கலுக்கும் அச்சு முறுக்குக்கும் முட்டை சேர்ப்போம். கொடுப்பதற்குச் செய்யும்போது முட்டை சேர்க்காமல் ஓர் ஈடும், சேர்த்து ஓர் ஈடுமாகப் பிரித்து, சிறு அட்டையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்தத் தேதியில் செய்தது என்று எழுதிக் கட்டிவிடுகிறேன். இது தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. ஓராண்டு கேக் வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மா, முட்டை உண்டா என்று கேட்கத் தயங்கி, மூன்று நாள் அப்படியே வைத்திருந்துவிட்டு வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். எழுதியிருந்தால் அவருக்கும் சங்கடம் இல்லை, எனக்கும் இல்லை. நீங்களும் வேர்க்கடலை, முந்திரி, பால், நெய் எது சேர்ந்தாலும் எழுதிவிடுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளும் உண்டு.

இசுலாமிய வீடுகளுக்கு என்ன கொடுப்பது என்று தனியாகக் குழம்ப வேண்டாம். எங்கள் தெருவில் ஆம்பூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று இருக்கிறது; தீபாவளிக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எதிர்பார்ப்பது எதிர்வீட்டு முறுக்கையும் ஓமப்பொடியையும்தான். படைத்ததா, படைக்காததா என்பதில் மட்டும் சில வீடுகளில் மனக்குறை வரலாம். எங்கள் வீட்டிலும் படைத்ததை எடுத்துக்கொள்ளாத பெரியவர் ஒருவர் இருந்தார். ஆகவே பூசைக்கு வைப்பதற்கு முன்பே அவர்களுக்கு உரியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கொடுக்கும்போது அதைச் சொல்லிக் கொடுங்கள். அக்கா சொன்ன இலேகியமும் நல்ல யோசனை. சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்கு மட்டும் இனிப்புக்கும் இலேகியத்துக்கும் பதிலாகக் கார வகை ஒன்று வைத்தால் மகிழ்வார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் தட்டுகளில் என் கணவர் முதலில் தேடுவது காராபூந்தியை.

சத்துவாச்சாரி கொலுப்படி எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. மாமியாருக்கு எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினேன். தேங்காய் இல்லாமல் தாம்பூலமா என்று முதலில் மறுத்தவர், நான்கு கைலி என்ற கணக்கைக் கேட்டதும், தேங்காய்க்குப் பதிலாகக் கொட்டைப்பாக்கும் வாழைப்பழமும் வைக்கலாம் என்று தாமே இறங்கிவந்தார். ஆகவே மூன்று கைலி, ஐம்பத்து நான்கு பை, ஆளுக்கு இரண்டு மாலாடு. சென்ற ஞாயிறு கால் கிலோ பொட்டுக்கடலையில் ஒத்திகை பார்த்தேன். போளூர் அம்மா எச்சரித்திருந்தும் நெய்யை மொத்தமாக ஊற்றிவிட்டு, கடைசி ஆறு உருண்டைகளுக்கு மீண்டும் நெய் காய்ச்ச வேண்டியதாயிற்று. சுவையில் குறை இல்லை.

தீபாவளிக்கு இலேகியமும், மகளின் பொறுப்பில் முட்டையில்லாத கல்கலும் என்று முடிவாகியிருக்கிறது. புதுச் சீப்பு இப்போதே வாங்கிவிட்டாள். கூடவே வீட்டுக்கு இரண்டு அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டித் தருகிறேன் என்கிறாள். சென்ற ஆண்டு அவள் தீட்டிய விளக்குகள் அழகாக இருந்தன. ஆனால் ஏற்றிய அரை மணியில் எண்ணெய் கசிந்து திண்ணையெல்லாம் கறை, திரி முனையில் வண்ணம் கருகி நாற்றம் வேறு. என்ன செய்ய வேண்டும்?

பாலாற்றங்கரை எழுதியது:

இதற்காவது எனக்கு விடை தெரியும். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருப்பதால், காய்ந்த அகல் எண்ணெயைத்தான் முதலில் குடிக்கும். வண்ணம் தீட்டுவதற்கு முன் அகல்களை ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் மூழ்க வைத்து எடுத்து, ஒரு நாள் வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் வண்ணம் ஏடாகப் பெயர்ந்துவிடும். வண்ணம் வெளிப்புறத்தில் மட்டும் இருக்க வேண்டும். உட்குழியிலும் திரி படுக்கும் மூக்கிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் மண்ணாகவே விட்டுவிடச் சொல்லுங்கள். ஏற்றும் நாளன்று மறுபடி ஒரு மணி நேரம் நீரில் போட்டு, துடைத்து, பிறகு எண்ணெய் விட்டால் கசிவு பெரிதும் குறையும். இதையும் அந்தச் சிறு அட்டையில் எழுதிவிடலாம். எப்படியும் சிறிது கசியும் என்பதால் அடியில் ஒரு வெற்றிலை வைக்கச் சொல்லுங்கள். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் செய்யும் பளபளப்பு மெருகேற்றிய மண்பாண்டங்களில் இந்தக் கசிவு இராது, ஆனால் அந்த மெருகின் மேல் மகளின் தூரிகை நிற்காது.

குடியாத்தம் நூல்கண்டு எழுதியது:

அகல்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கட்ட வேண்டாம், விளிம்பு உடையும். கைலி வெட்டும்போது விழும் சிறு துண்டுகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தால், இருபத்து நான்கு அகல்களுக்கும் இடையில் வைக்கப் போதும்.